வேலையில் இருப்பவருக்கு எங்கே வகுப்பு?

பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் கிருத்திகையன்று நல்ல கூட்டம் இருக்கும். செகந்திராபாத், ஹைதராபாத் தமிழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அப்படி ஒரு கிருத்திகையில்தான் அவரைப் பார்த்தேன். சேலத்துக்காரர், வயது 43. சிப் லேஅவுட் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. பிரசாதத் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

“அண்ணே, அக்கா பையன் கோயம்புத்தூர்ல வி.எல்.எஸ்.ஐ. படிக்கிறான். லீவுக்கு வந்தவன் நானோஷீட் டிரான்சிஸ்டர் பத்தி எனக்குப் பாடம் எடுத்துட்டுப் போனான். நல்லாத்தான் எடுத்தான், எனக்குச் சந்தோஷம்தான். ஆனா பகல் முழுக்க அதே தொழில்ல இருக்கறவன் நான். எனக்கு இதை யார் சொல்லித் தரணும்?”

உங்கள் கம்பெனியில் பயிற்சி கிடையாதா என்று கேட்டேன். இருக்கிறதாம். கட்டாயம் என்று சொல்லி மூன்று நாள் வகுப்பு நடத்தினார்களாம். “டிரான்சிஸ்டர்னா என்னன்னு ஆரம்பிச்சாங்க. நேத்து சேர்ந்த ஃப்ரெஷருக்கும் எனக்கும் ஒரே ஸ்லைடு. மூணாம் நாள் டேப் அவுட் வேலை இருக்குன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.”

வகுப்புக்கு ஏற்பாடு செய்தவர்கள் செலவு செய்திருக்கிறார்கள், ஆசிரியரும் உழைத்திருக்கிறார். ஆனால் அங்கே உட்காரப் போகிறவர்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று முன்னதாக ஒருவரும் விசாரிக்கவில்லை. இது ஒரு கம்பெனியின் குறையாக மட்டும் இருந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். சிப் வேலையில் இத்தனை பேர் இருக்கும் ஹைதராபாத்தில், வேலையில் இருக்கும் பொறியாளருக்கு என்ன பயிற்சி தேவை என்று ஊர் முழுவதற்குமாக முறையாகக் கேட்டு, எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்ட ஒரு கணக்கு என் தேடலுக்கு அகப்படவில்லை. அதை எடுக்க வேண்டும், உடனே எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

மாதாப்பூர், ராயதுர்கம், கச்சிபௌலி, நானக்ராம்குடா என்று மேற்கு ஹைதராபாத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். குவால்காம், ஏ.எம்.டி., இன்டெல், மைக்ரான், என்விடியா என்று உலகின் பெரிய சிப் நிறுவனங்கள் பலவற்றுக்கும் இந்த ஊரில் அலுவலகம் உண்டு. சிப் வடிவமைக்க உதவும் மென்பொருளை விற்கும் சினாப்சிஸ், கேடன்ஸ் இரண்டும் இருக்கின்றன. இவற்றுக்கு ஆள் அனுப்பும் சேவை நிறுவனங்கள் தனி. 2006-இல் இந்த நகரத்துக்கு ஒரு பெரிய வாக்குறுதி வந்தது. செம்இந்தியா என்ற நிறுவனம் ஏ.எம்.டி.யின் தொழில்நுட்பத்தோடு 300 கோடி டாலரில் சிப் ஆலை கட்டும் என்றார்கள். ஷம்ஷாபாத் விமான நிலையப் பக்கம் ‘ஃபேப் சிட்டி’க்கு நிலமும் ஒதுக்கினார்கள். ஆலை வரவில்லை. ஆனால் வடிவமைப்பு அலுவலகங்கள் வளர்ந்தன. அதனால் இந்த ஊரில் சிப்பை வரைபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சிப்கள் உருவாகும் சிலிக்கன் தட்டான வேஃபரைக் கையில் தொட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சேலத்து நண்பர் வேலைக்குச் சேர்ந்தபோது டிரான்சிஸ்டர் சிலிக்கன் மேல் தட்டையாகப் படுத்திருந்தது. கேட் என்பது மேலிருந்து அமுக்கும் ஒரு மூடி. அதற்கும் சிலிக்கனுக்கும் நடுவில் இருந்த காப்புப் படலம் 1.2 நானோமீட்டர் வரை மெலிந்துவிட்டது. ஒருசில அணுக்களை அடுக்கிய கனம்தான். எலெக்ட்ரான்கள் அதை ஊடுருவிப் போய்விடும். நன்றாக மூடிய குழாயிலும் தண்ணீர் சொட்டுகிற கதை. 2007-இல் இன்டெல் தன் 45 நானோமீட்டர் சிப்பில் காப்புப் படலத்துக்கு ஹாஃப்னியம் கலந்த பொருளைக் கொண்டுவந்து அந்தச் சொட்டை ஓரளவு அடைத்தது. அடுத்தது 22 நானோமீட்டர். 2011-இல் அறிவித்து மறு வருஷம் கடைக்கு வந்த அந்தச் சிப்பில் டிரான்சிஸ்டரே எழுந்து நின்றுவிட்டது. சிலிக்கன் மீன் துடுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்க, கேட் அதை மூன்று பக்கமும் அணைத்துப் பிடித்தது. இதைத்தான் ஃபின்ஃபெட் என்கிறார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்மிங் ஹூவின் குழு 1990-களின் இறுதியில் செய்துகாட்டிய யோசனை அது.

லேஅவுட் வரைபவருக்கு இதில் என்ன மாறியது? பழைய டிரான்சிஸ்டரின் அகலத்தை வேண்டிய அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். ரவிக்கைத் துணியைக் கடைக்காரர் வேண்டிய நீளத்துக்கு வெட்டித் தருவதுபோல. ஃபின்ஃபெட் வந்ததும் அது சேலைக் கணக்காகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுசாகத்தான் எடுக்க முடியும், ஒன்றரைத் துடுப்பு என்று கிடையாது. அனலாக் சர்க்யூட்டை அகலத்தை நுணுக்கி நுணுக்கிச் சரிசெய்து பழகிய கைக்கு இது புதுத் தொழில். மெலிந்த துடுப்பில் பிறக்கும் சூட்டுக்குச் சுலபமாக வெளியேற வழியில்லை. டிரான்சிஸ்டரை இணைக்கும் தாமிரக் கம்பியோ மெலிய மெலிய மின்தடை கூடிக்கொண்டே போகிறது, ஏனென்றால் எலெக்ட்ரான்கள் கம்பியின் சுவரிலேயே மோதிச் சிதறுகின்றன. முன்பு தாமதத்துக்கு டிரான்சிஸ்டரைக் குறை சொன்னார்கள், இப்போது பல இடங்களில் கம்பிதான் குற்றவாளி.

இது கைக்குப் பழகுவதற்குள் அடுத்த மாற்றம் வந்தது. 2022 ஜூனில் சாம்சங் தன் 3 நானோமீட்டர் சிப்பில் துடுப்பைப் படுக்கவைத்து, ஏடு ஏடாக அடுக்கி, கேட்டை நான்கு பக்கமும் சுற்றிவிட்டது. டி.எஸ்.எம்.சி.யும் தன் 2 நானோமீட்டர் தலைமுறையில் இந்த நானோஷீட்டுக்கு மாறியது. இன்டெல் தன் 18ஏ முறையில் மின்சாரம் தரும் கம்பிகளைச் சிப்பின் முதுகுப்பக்கம் கொண்டுபோய்விட்டது. ஒரே மனிதரின் வேலைக்காலத்துக்குள் அடித்தளம் இத்தனை தடவை மாறியிருக்கிறது. கல்லூரியில் அவர் படித்த புத்தகத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. மாறியபோதெல்லாம் அவருக்குக் கிடைத்தது டிசைன் ரூல் கையேடு மட்டும். இந்த இடைவெளி இத்தனைக்குக் குறையக்கூடாது, அந்தக் கோடு அந்தத் திசையில்தான் போக வேண்டும் என்று விதிகள் இருக்கும். ஏன் என்று இருக்காது. விதியை மட்டும் தெரிந்தவர் விதிப்படி வரைவார். காரணம் தெரிந்தவர் விதிக்கு உட்பட்டே இன்னும் நல்ல சர்க்யூட் வரைவார். முன்னணித் தலைமுறைச் சிப்பில் ஒரு பிழையால், சிப்பை அச்சிடும் மாஸ்க்கைத் திரும்பச் செய்ய நேர்ந்தால் செலவு கோடிக்கணக்கில் போகும், மாதங்கள் கரையும். ஆகவே இது பொறியாளர் ஒருவரின் ஆதங்கம் மட்டும் இல்லை, கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கும் சேர்ந்த விஷயம்.

அரசு சும்மா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வி.எல்.எஸ்.ஐ. படிப்புக்கான மத்திய அரசின் சிறப்பு மனிதவளத் திட்டம் 1998-லேயே தொடங்கியது. அதன் வழியில் வந்த சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப் திட்டம் ஐந்து ஆண்டுகளில் 85,000 பேரை உருவாக்கும் இலக்கோடு நடக்கிறது. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2023-இல் ஏ.ஐ.சி.டி.இ. வி.எல்.எஸ்.ஐ.க்கென்று புதிய பி.டெக். பாடத்திட்டமும், சிப் உற்பத்திக்கு ஒரு டிப்ளமோ பாடத்திட்டமும் வெளியிட்டது. நண்பரின் அக்கா மகனைப் போன்றவர்களுக்கு வாசல் திறந்தது இப்படித்தான். அதே ஆண்டு ஜூனில் லாம் ரிசர்ச் தன் கணினி வழிப் பயிற்சி மென்பொருளால் 60,000 இந்தியப் பொறியாளர்களைத் தயார்செய்ய உதவுவதாக அறிவித்தது. எல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் இந்தப் பெரிய எண்களைக் கேட்கும்போது என் மனத்தில் வருவது கல்லூரி வாசலில் நிற்கும் 21 வயது முகம்தான். 43 வயது முகத்துக்கு அதில் எத்தனை இடம்?

நேரடிப் பயிற்சியின் கதையைப் பார்ப்போம். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யிலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் நானோ எலெக்ட்ரானிக்ஸ் மையங்கள் அமைத்து, 2008 முதல் வெளியூர் ஆராய்ச்சியாளர்களும் தூசி புகாத கிளீன் ரூமுக்குள் வந்து பழகும்படி மத்திய அரசு ஒரு நல்ல திட்டம் நடத்திவருகிறது. பின்னர் அது விரிந்து சென்னை, டெல்லி, கரக்பூர், குவாஹாட்டி ஐ.ஐ.டி.களையும் சேர்த்துக்கொண்டது. அந்த ஆறு பெயர்களில் ஹைதராபாத் இல்லை. அந்தத் திட்டமும் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர், ஆசிரியர், புதிய தொழில் தொடங்குவோர் ஆகியோரை நினைத்துச் செய்தது. சிப் கம்பெனியில் வேலை பார்ப்பவர் லீவு போட்டுவிட்டு சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய் நான்கு நாள் கிளீன் ரூமில் நிற்பது எத்தனை பேருக்கு நடக்கும்?

பிட்ஸ் பிலானி வேலையில் இருப்பவர்களுக்கென்று 1979 முதல் படிப்பு நடத்துகிறது. மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் எம்.டெக். அதில் உண்டு, படித்து மேலே வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பட்டம் வேண்டியவருக்குத்தான் இரண்டு ஆண்டுப் படிப்பு. ஃபின்ஃபெட்டின் சூடு லேஅவுட்டை எப்படிப் பாதிக்கும் என்று மட்டும் அறிய வேண்டியவருக்கு ஆறு சனிக்கிழமை போதும். அந்த ஆறு சனிக்கிழமை கிடைப்பதில்லை. அமீர்பேட்டையிலும் குக்கட்பள்ளியிலும் இருக்கும் தனியார் பயிற்சி நிலையங்களுக்குப் போனால் அங்கே வகுப்பெல்லாம் வேலை தேடும் பிள்ளைகளுக்கானது. மென்பொருளில் எந்த பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்று கற்றுத்தருவார்கள். அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல எதுவும் இல்லை. நண்பர் அந்த பட்டன்களை 19 வருஷமாக அழுத்திக்கொண்டிருக்கிறார்.

ஊரின் கிழக்குப் பக்கத்தையும் யாரும் மறந்துவிடக் கூடாது. இ.சி.ஐ.எல். 1967-இல் இங்கே தொடங்கியது. அதை உருவாக்கிய ஏ.எஸ்.ராவ் பெயரில்தான் ஏ.எஸ்.ராவ் நகர் இருக்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களும், அவற்றுக்கு சர்க்யூட் பலகை செய்து தரும் சிறு தொழிற்கூடங்களும் செர்லப்பள்ளி வரை பரந்திருக்கின்றன. அங்கே வேலை செய்பவர் 3 நானோமீட்டர் சிப் வரையப் போவதில்லை. ஆனால் அவர் மேசைக்கு வந்துசேரும் சிப்பின் உள்ளே காப்புப் படலம் மெலிந்துபோயிருக்கிறது. பழைய சிப் தாங்கிய நிலைமின் அதிர்ச்சியைப் புதியது தாங்காது. நிலைமின்னைத் தரைக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டையை ஏன் கழற்றக்கூடாது என்று அவருக்குக் காரணத்தோடு சொல்ல வேண்டும். சிப்பின் அடியில் மறைந்திருக்கும் பற்றவைப்புப் புள்ளிகளை எக்ஸ்ரேயில் படிக்கச் சொல்லித் தர வேண்டும். போலிச் சிப்பை அடையாளம் காணவும் பழக்க வேண்டும். டிப்ளமோ படித்துவிட்டு 25 வருஷம் கை ஓய்ந்துபோக உழைத்தவர்களின் தேவை இது. நானோ எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சி என்ற பேச்சு வரும்போது இவர்கள் நினைவு யாருக்கும் வருவதில்லை.

தேவையைக் கேட்பது சுலபமான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மேனேஜரைக் கேட்டால் அடுத்த காலாண்டு வேலைக்கு எது வேண்டுமோ அதைச் சொல்வார். பொறியாளரை மேனேஜர் முன்னால் வைத்துக் கேட்டால் எனக்கு எல்லாம் தெரியும் என்பார். அப்ரைசல் நேரத்தில் தெரியாது என்று எழுதிக்கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால் கம்பெனிக்கு வெளியே இருக்கும் ஒரு பொது நிறுவனம், பெயர் கேட்காமல் கேட்க வேண்டும். லேஅவுட் வரைபவர், சரிபார்ப்பவர், அனலாக் செய்பவர், டெஸ்ட் செய்பவர், பழுது ஆராய்பவர் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு நேர விரயம். பிழையான சிப்கள் திரும்பி வந்தபோது எது தெரியாததால் அந்தப் பிழை நேர்ந்தது என்று கம்பெனிகளிடம் ரகசியம் காத்துக் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கேள்வித்தாளும் சொல்லாத உண்மையை அந்தப் பிழைகள் சொல்லிவிடும். குழந்தைக்காக வேலையை விட்டு நான்கைந்து வருஷம் கழித்துத் திரும்ப நினைக்கும் பெண்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் வீட்டில் இருந்த காலத்தில் ஒரு தலைமுறைத் தொழில்நுட்பமே போய்விட்டிருக்கும். இன்டர்வியூவில் கேட்பது முழுக்க அந்தப் புதிய தலைமுறையைப் பற்றித்தான்.

ஐரோப்பாவில் இதைச் செய்திருக்கிறார்கள். 2019 இறுதியில் தொடங்கிய மெடிஸ் என்ற திட்டத்தில் செமிகண்டக்டர் தொழில் சங்கமான செமியின் ஐரோப்பியக் கிளையும் கல்வி நிலையங்களும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்தன. எந்தத் திறன் குறைகிறது என்று நிறுவனங்களிடம் கேட்ட பிறகே பாடம் எழுத உட்கார்ந்தார்கள். ஐரோப்பா வரைகூடப் போக வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே பழைய முன்மாதிரிகள் உண்டு. பாலாநகரில் ஆலைகள் பெருகிய காலத்தில் கருவி செய்யத் தெரிந்த கைகள் போதவில்லை. 1968-இல் ஐ.நா. உதவியோடு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பைத் துணையாகக் கொண்டு மத்திய அரசு அங்கே கருவி வடிவமைப்பு நிறுவனத்தை நிறுவியது. ஆலையில் இருப்பவரும் வந்து படிக்க அதில் இடம் இருந்தது. யூசுப்குடாவில் சிறுதொழில் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1960-களில் காக்கிநாடா வணிகர்களை அங்கே கூட்டிவந்து ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் பயிற்சி கொடுத்தார். பயிற்சியால் அவர்கள் தொழிலில் என்ன மாறியது என்று பின்னர் போய் அளந்தும் பார்த்தார்கள். உலகம் முழுக்க மேலாண்மைப் புத்தகங்களில் அந்தச் சோதனை இடம்பெற்றது. வளர்ந்த மனிதருக்குக் கற்றுத்தரும் கலையில் ஹைதராபாத் இப்படி முன்னோடியாக இருந்திருக்கிறது. அந்த ஊரில் சிப் பொறியாளர் மட்டும் ஏன் யூடியூப் பார்த்துத் தானாகவே கற்க வேண்டும்?

என் வேண்டுகோள் முதலில் தெலங்கானா அரசின் தகவல் தொழில்நுட்ப, மின்னணுத் துறைக்கு. 2024-இல் சட்டம் இயற்றி யங் இந்தியா திறன் பல்கலைக்கழகத்தை நீங்களே உண்டாக்கினீர்கள். இந்தக் கணக்கெடுப்பை அதன் கையில் கொடுங்கள். கந்தியில் இருக்கும் ஐ.ஐ.டி.யும் கச்சிபௌலி ஐ.ஐ.ஐ.டி.யும் கேள்விகளைத் தயாரிக்கட்டும். முடிவை மூடி வைக்காமல் வெளியிடுங்கள். இதற்கு ஆலையோ நிலமோ தேவைப்படாது, சில மாத வேலைதான்.

வகுப்பு வைக்க இடமும் இருக்கிறது. ராயதுர்கத்தில் 2023 மார்ச்சில் திறந்த டி-வொர்க்ஸ், மெட்ரோவில் வருபவருக்கு எட்டிவிடும் தூரம். மாலை 7 மணிக்கு மேல் அங்கே ஒரு கூடத்தைத் திறந்துவிட்டால் வேலை முடிந்து வருபவர் உட்காருவார். கிளீன் ரூம் பழக்கத்துக்கு மட்டும் கந்தி போக வேண்டும். நகரத்திலிருந்து நெடுந்தூரம் என்பதால் மாதம் இரண்டு சனிக்கிழமை, பஸ் ஏற்பாட்டோடு வையுங்கள். மத்திய அரசு தன் நானோ எலெக்ட்ரானிக்ஸ் பயனாளர் திட்டத்தில் ஹைதராபாத்தையும் சேர்த்து, வேலையில் இருப்பவர்களுக்கென்று குறிப்பிட்ட இடங்களை ஒதுக்க வேண்டும்.

கம்பெனிகள் சொல்லும் தடையை நான் அறிவேன். சிப்பைச் செய்து தரும் ஆலையான ஃபவுண்டரி தரும் டிசைன் கிட் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டது, போட்டிக் கம்பெனிக்காரரோடு ஒரே வகுப்பில் அதைத் திறக்க முடியாது. நியாயம்தான். ஆனால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ஏ.ஆர்.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்ட 7 நானோமீட்டர் கற்பனை டிசைன் கிட் இருக்கிறது. எந்த ஃபவுண்டரிக்கும் சொந்தமில்லாத அதை, கற்பிக்க யாரும் எடுத்துக்கொள்ளலாம். துடுப்பை எண்ணிப் பழக அது தாராளமாகப் போதும். கையில் சிப்பாக வர வேண்டும் என்றால் 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் பொதுவில் வைத்த 130 நானோமீட்டர் கிட் உண்டு, நம் மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலை உண்டு. வகுப்புக்குப் போகும் நேரத்தை வேலை நேரமாக எண்ணுங்கள் என்பதே கம்பெனிகளிடம் நான் கேட்பது. வகுப்புக்குப் போனவரை இரண்டு வருஷ பாண்டில் கட்டிப்போடாதீர்கள்.

தமிழ்நாடும் 2030-ஐ நோக்கிச் செமிகண்டக்டர் இயக்கம் அறிவித்திருக்கிறது. சென்னையில் இதே வேலையில் இருப்பவர்களையும் யாராவது முதலில் கேட்டுவிட்டால் நல்லது.

கோயிலில் பிரிவதற்கு முன் நண்பரிடம், உங்களுக்கு எது எது தெரிய வேண்டும், எழுதிக்கொடுங்கள் என்று என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மண்டபத் தூணில் தாளை வைத்து எழுதினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஏழு வரி. சூடு எப்படி வெளியேறுகிறது. முதுகுப்பக்கக் கம்பி வந்தால் என் ஃப்ளோர் பிளான் என்ன ஆகும். வருஷங்கள் போகப்போக டிரான்சிஸ்டர் எப்படித் தளர்கிறது. ஒருமுறையாவது வேஃபரை நேரில் பார்க்க வேண்டும். இப்படி ஏழு. கீழே செல்போன் எண்ணையும் எழுதிவிட்டு, “யாருக்காவது குடுப்பீங்களாண்ணே?” என்று கேட்டார்.

எண்ணை மட்டும் கிழித்து அவரிடமே கொடுத்தேன். தாள் என் மேசையில் இருக்கிறது. ஹைதராபாத்தில் அதை வாங்கிக்கொள்ள எந்த அலுவலகத்தில் ஜன்னல் இருக்கிறது என்று சொன்னால் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.